கண்டமங்கலத்தில் இறங்காத விருந்தாளிகள்

விழுப்புரத்தில் புதுச்சேரி பேருந்து ஏறினால், நாற்பது கிலோமீட்டருக்குள் எல்லையை மாற்றி மாற்றித் தாண்ட வேண்டியிருக்கும். மதகடிப்பட்டு புதுச்சேரி. திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. அரியூர் வந்தால் மறுபடியும் புதுச்சேரி. எல்லைக்கல்லைத் தேட வேண்டாம். மதுக்கடைப் பலகைகள் நெருக்கமாக வந்தால் புதுச்சேரி, காணாமல் போனால் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பதினெட்டாம் நூற்றாண்டில் அடித்துக்கொண்டு பிரித்த நிலம், கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்டது போல இன்றும் அப்படியே கிடக்கிறது.

இந்த ஒட்டுத்துணியில் தமிழ்நாட்டுப் பக்கத்துத் துண்டு கண்டமங்கலம். விழுப்புரம் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். கரும்பு, நெல், மல்லாட்டை என்கிற நிலக்கடலை, சவுக்கு என்று வயல்கள். பக்கத்தில் சின்னபாபுசமுத்திரம் ரயில் நிலையம். நான்கு வழிச் சாலை வந்தபிறகு வண்டிகள் இன்னும் வேகமாக ஊரைக் கடக்கின்றன. கிழக்கே இருபது கிலோமீட்டரில், புதுச்சேரியின் வெள்ளையர் நகரத் தெருக்களில், மார்கழியிலும் தையிலும் ஐரோப்பியப் பயணிகளைக் காணாத நாளே கிடையாது. அவர்களில் சிலர் செஞ்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது கண்ணாடி ஏற்றிய வாடகைக் காரில் இந்தப் பக்கமும் வருகிறார்கள். இறங்குவதில்லை.

இறங்குவதற்குக் காரணம் இருக்கிறதா, இருந்தும் ஏன் இறங்குவதில்லை, இறங்கினால் ஊருக்கு என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

சின்னத் தீவுக்கு ஏன் போகிறார்கள்?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர் வேண்டும். கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்கூட்டத்தில் மரி-கலாந்த் என்று ஒரு தீவு உண்டு. பரப்பு 158 சதுர கிலோமீட்டர். மக்கள் பத்தாயிரத்துச் சொச்சம். கரும்புக்காடு, ஓடாமல் நிற்கும் பழைய காற்றாலைகள், ரம் காய்ச்சும் சில ஆலைகள், மாட்டுவண்டிப் பந்தயம், கூட்டமில்லாத கடற்கரை. குவாதலூப்பின் பெரிய நகரத்திலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம்.

பாரிஸ்காரர் அங்கே போவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தினால் ஐந்து தேறும். தன் ஊரில் குளிர் வாட்டும்போது அங்கே இதமான வெயில். பெரிய தீவின் கூட்டம் இல்லை. தன் மொழி அங்கே செல்லும். கரும்பும் அடிமை முறையும் கலந்த ஒரு வரலாறு கண் முன்னே நிற்கிறது. வேறெங்கும் கிடைக்காத சாப்பாடு கிடைக்கிறது. இவற்றோடு யாரும் எடுத்துச் சொல்லாத மூன்று வசதிகளும் உண்டு. படகுக்கு நேர அட்டவணை இருக்கிறது, தங்க அறை இருக்கிறது, விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிறது. முதல் ஐந்தும் ஆசையைத் தூண்டும். ஆசைப்பட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பது கடைசி மூன்று.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கண்டமங்கலத்துக்கும், விழுப்புரம்–திண்டிவனம் சுற்றுவட்டாரத்துக்கும் வருவோம்.

பருவம்

கரீபியத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல்காலம். அது ஓய்ந்தபின் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பயணிகள் காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் அடங்கும். பாரிஸில் ஐந்து டிகிரியில் நடுங்கும் ஜனவரியில் விழுப்புரத்தில் பகல் முப்பதை ஒட்டியும் இரவு இருபதை ஒட்டியும் இருக்கும். ஏரிகள் நிறைந்து, நெற்கதிர் முற்றி, பனங்கிழங்கு தெருமுனைக்கு வரும் நேரம். வெயில் தேடி வருபவருக்கு இதைவிட நல்ல மாதம் வேறில்லை.

ஆபத்தும் அங்கே போலவே இங்கேயும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் கரை புரண்டன. சித்திரை, வைகாசியிலோ நாற்பது டிகிரிக்கு மேல் வெயில் காயும். ஆக, நமக்குக் கிடைப்பது மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை நம்பித்தான் எந்தத் திட்டமும் போட முடியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வட்டாரத்தின் தலைசிறந்த கலை தெருக்கூத்து. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பது பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி வரை. பயணி ஊர் திரும்பிய பிறகுதான் கூத்துக்காரர் அரிதாரம் பூசுகிறார். மாறாக, தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா சரியான நேரத்தில் வருகிறது. சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தென்பெண்ணை மணலுக்கு வந்து தீர்த்தவாரி நடக்கும். சுருளிக்கிழங்கும் கரும்பும் மண் பொம்மையும் விற்கும். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைத் தாண்டினால் தமிழ்நாட்டிலேயே பலருக்கு இப்படியொரு விழா இருப்பது தெரியாது. வெளிநாட்டவருக்கு யார் சொல்வது?

உறவு

மரி-கலாந்துக்கும் கண்டமங்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கேட்பவர் எதிர்பார்ப்பதைவிட நெருக்கமான சம்பந்தம்.

1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிலும் முதல் தமிழர்களை இறக்கியது. பிறகு 1861இல் பிரிட்டிஷாரோடு உடன்படிக்கை ஆனதும், தென்னாற்காடு உள்ளிட்ட பிரிட்டிஷ் மாவட்டங்களின் ஆட்களையும் சட்டப்படியே சேர்க்க முடிந்தது. 1880களின் இறுதிக்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேரும், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் போனார்கள். அங்கே இன்றும் மாரியம்மன் ‘மாலியேமன்’ என்றும், மதுரை வீரன் ‘மால்தேவிலன்’ என்றும் வழிபடப்படுகிறார்கள். நம் குழம்புப் பொடியின் வழிவந்த ‘கொலம்போ’ அந்தத் தீவுகளின் சொந்தச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. கூலிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு வழக்காடிய ஆன்ரி சிதம்பரம் குவாதலூப்பில் பிறந்த தமிழர். 1904இல் தொடங்கிய போராட்டத்தில் 1923இல் அவர் வென்றார்.

இன்னொரு பக்கமும் உறவு உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று இதே வட்டாரத்துக் கீழூரில் பிரெஞ்சு இந்தியாவின் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 1962இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸைச் சுற்றி வாழ்கிறார்கள். விடுமுறையில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் வருகிறார்கள். கையில் ஐரோப்பியக் கடவுச்சீட்டு, போகும் இடம் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம். ஐரோப்பியப் பயணி இந்த உள்நாட்டுக்கு வருவதே இல்லை என்று சொல்வது, இவர்களை ஐரோப்பியராக எண்ணாததால்தான்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் பிரெஞ்சு பேசிச் சமாளிக்கக்கூடிய நகரம் ஒன்று உண்டென்றால் அது புதுச்சேரி. எல்லை தாண்டி இருபது கிலோமீட்டர் வந்தாலும் பிரெஞ்சு தெரிந்த ஒரு பெரியவரைக் கண்டுபிடித்துவிடலாம். தீவுகளுக்குப் போகும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைக்கும் சலுகையில் பாதியாவது இங்கே கிடைக்கும்.

பார்ப்பதற்கு என்ன?

முதலில் திருவக்கரை. கண்டமங்கலத்துக்கு வடக்கே, சங்கராபரணிக் கரையில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940இல் அமைத்த தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிப்போட்ட விறகு. குனிந்து பார்த்தால் நார் ஓட்டம் தெரிகிறது. கிளை பிரிந்த இடத்தில் முடிச்சு தெரிகிறது. பட்டை உரிந்த பக்கம் வழவழப்பும், உடைந்த பக்கம் கண்ணாடிச் சில்லுப் போன்ற பளபளப்பும். விரலால் சுண்டினால் மரத்தின் சத்தம் வராது, கல்லின் சத்தம் வரும். கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லும் அந்த ஒரு கணத்துக்காகவே அங்கே போகலாம். இந்தக் கல்மரங்களை 1781இல் முதன்முதலில் பதிவுசெய்தவர் பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். பக்கத்திலேயே வக்கிரகாளியும், மும்முக லிங்கமாகச் சந்திரமௌலீசுவரரும் கோயில் கொண்டிருக்கிறார்கள்.

சாலையோரத்திலேயே சோழர் காலம் வரிசையாக நிற்கிறது. மதகடிப்பட்டில் முதலாம் ராஜராஜன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில், திருவண்டார்கோயிலில் சம்பந்தர் பாடிய வடுகூர், திருபுவனையில் பராந்தகன் காலத்துப் பெருமாள் கோயில். மூன்றும் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில். பேருந்தில் போகிறவர்களே திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்துப் பெருமைப்பட்ட இடம். அப்பால் தளவானூர்க் குடைவரை. பனைமலையில் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலும், அங்கே சுவரில் குடைநிழலில் சாய்ந்து நிற்கும் பார்வதியின் ஓவியமும். இந்தப் பல்லவச் சின்னங்களை 1910களில் தேடித் தேடி உலகுக்குச் சொன்னவர், புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய்.

செஞ்சிக் கோட்டைக்கு அறிமுகம் தேவையில்லை. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். 1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. 1761இல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 2025 ஜூலையில் மராத்தியர் படைக்கோட்டைகள் என்ற தொகுப்பில், மகாராஷ்டிரத்துப் பதினொரு கோட்டைகளோடு செஞ்சியும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கோட்டைக்குப் போகும் பலர் பக்கத்திலிருக்கும் திருநாதர்குன்றைத் தவறவிடுகிறார்கள். இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை அது. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கேதான்.

இயற்கையை விரும்புபவருக்கு, திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கழுவேலி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமானது, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரையும் கருவால் மூக்கனும் குளிருக்குத் தப்பி இங்கே வருவது, பயணிகள் வரும் அதே மாதங்களில்தான். புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்குபோட்டுக்கொண்ட ஊசுட்டேரி இன்னும் பக்கம்.

யார் வந்தார்கள், எதற்காக?

இந்தப் பட்டியலில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஐரோப்பியர் இந்த உள்நாட்டுக்கு வந்த தடங்கள் எல்லாமே ஏதோ ஒரு கேள்வியின் தடங்கள். மரம் எப்படிக் கல்லாகும் என்று சொன்னெரா வந்தார். பல்லவர் எங்கிருந்து தொடங்கினார்கள் என்று ழூவோ துப்ரேய் வந்தார். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில்களைப் படமெடுக்கவும் சைவ ஓலைச்சுவடிகளைச் சேர்க்கவும் ஊர் ஊராக அலைந்தார்கள். அண்மையில் பாரிஸின் ‘தெயாத்ர் து சொலெய்’ நாடகக் குழு, ஆரியான் ம்னூஷ்கின் தலைமையில் புதுச்சேரியில் தங்கி, புரிசை சம்பந்தத் தம்பிரானிடம் தெருக்கூத்து கற்றது. 2016இல் பாரிஸில் அரங்கேறிய அவர்களது ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்தில் நம் கூத்து பிரெஞ்சு மேடை ஏறியது.

களைப்பாற வந்தவர்கள் கடற்கரையோடு நின்றார்கள். கேட்க வந்தவர்கள்தான் உள்ளே வந்தார்கள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கண்டமங்கலம் வட்டாரம் எந்தப் பயணியை எதிர்பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். நீச்சல் குளத்தில் மிதக்க நினைப்பவருக்கு மரி-கலாந்தும் கோவாவும் இருக்கின்றன.

ஏன் இறங்குவதில்லை?

தொலைவு ஒரு காரணமே அல்ல. பாரிஸிலிருந்து குவாதலூப்புக்கு எட்டரை மணி நேர விமானப் பயணம், சென்னைக்குப் பத்து மணி நேரத்தை ஒட்டி. விசாவை இணையத்திலேயே வாங்கிவிடலாம். பிரெஞ்சுக்காரருக்கு அங்கே விசாவே தேவையில்லை என்பது மட்டும் நம்மால் ஈடுகட்ட முடியாத வசதி.

உண்மையான தடை ஊருக்குள் இருக்கிறது. முதலாவது, படுக்கை. புதுச்சேரியில் அறை எடுத்து, காலையில் கார் பிடித்து, மாலையில் திரும்புவதே வழக்கம். பகல் பயணி ஊரில் செலவழிப்பது ஓர் இளநீருக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும்தான். கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கலாம் என்றாலோ, வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். விடுதி முதலாளிக்கு இது தினசரி வேலை. மாடியில் ஓர் அறையைக் காலியாக வைத்திருக்கும் விவசாயிக்கு, காவல்துறை என்ற சொல்லே போதும், ஆசை அடங்கிவிடும்.

இரண்டாவது, கடைசி ஐந்து கிலோமீட்டர். விழுப்புரம்–புதுச்சேரி ரயில்பாதை 1879இலிருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் மார்செய் துறைமுகத்துக்குப் போன மல்லாட்டை இந்தப் பாதை வழியாகத்தான் கடற்கரை சேர்ந்தது. இன்று ஒரு நாளைக்குச் சில வண்டிகள். நிலையத்தில் இறங்கினாலும் திருவக்கரைக்கோ பனைமலைக்கோ போக, பேருந்து நேரம் தெரிந்த உள்ளூர்க்காரர் துணை வேண்டும்.

மூன்றாவது, சொல்ல ஆள். பனைமலை ஓவியத்தின் முன் நிற்பவருக்கு ராஜசிம்மன் யார், அந்தச் சுண்ணப் பூச்சு எப்படித் தாக்குப்பிடித்தது என்று சொன்னால்தான் அது ஓவியம். சொல்லாவிட்டால் மங்கிய சுவர். கழிப்பறை, குப்பை, பெண் பயணியை முறைத்துப் பார்ப்பது ஆகியவற்றையும் மறைக்க வேண்டியதில்லை. இவை நம் வீட்டுப் பெண்களுக்கும் உள்ள குறைகள்தான். வெளிநாட்டவருக்காக மட்டும் சரிசெய்ய வேண்டியவை அல்ல.

ஆரோவில் காட்டும் இரண்டு முகம்

பலருக்குத் தெரியாத செய்தி, ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டுத் தொடங்கினார்கள். மழையில் அரித்து ஓடிய செம்மண் மேடு இன்று காடு. ஐரோப்பியர் இந்த மாவட்டத்துக்கு வந்து ஆண்டுக்கணக்கில் தங்குவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சுற்றுப்புறக் கிராமத்தாருக்கு வேலையும் தொழிலும் கிடைத்தது உண்மை.

மறுமுகமும் உண்டு. காட்டைச் சுற்றிய நிலத்தின் விலை விவசாயிக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. கடற்கரையோரம் விடுதிகள் நெருங்கின. 1980களில் புதுச்சேரித் துறைமுகத் தடுப்புச்சுவர் எழுந்தபின் வடக்கே மணல் சேராமல், விழுப்புரம் மாவட்ட மீனவர் குப்பங்களைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. விருந்தாளிக்குக் காட்ட வைத்திருந்த கடற்கரையே கரைகிறது. சின்ன ஊரைத் தேடி வருபவர், பெருகப் பெருக, தான் தேடிவந்த சின்ன ஊரை இல்லாமலாக்கிவிடுவார். கரீபியத் தீவுகள் பலவற்றின் கதையும் அதுதான்.

ஆகவே ரிசார்ட் வேண்டும் என்று கேட்பது தப்பான கோரிக்கை. நூறு அறை கொண்ட ஒரு விடுதி வந்தால் வருமானம் சென்னைக்கும் மும்பைக்கும் போகும், ஊருக்குக் காவலாளி வேலை மிஞ்சும். ஐம்பது வீட்டில் ஒவ்வோர் அறை, வெளிநாட்டவர் விவரத்தை ஊராட்சி அலுவலகத்திலேயே பதிந்து கொடுக்க ஓர் ஏற்பாடு, ஒன்றியத்துக்குப் பத்துப் பட்டதாரிகளுக்கு வரலாறும் பிரெஞ்சும் பயிற்சி, ரயில் நேரத்தோடு இணைந்த இரண்டு சிற்றுந்து. செலவு குறைவு, பலன் தெருவுக்கு வரும். சாப்பாட்டுக்குத் தனித் திட்டம் வேண்டாம். வறுத்த மல்லாட்டை, வேகவைத்த பனங்கிழங்கு, கேழ்வரகுக் களியோடு கருவாட்டுக் குழம்பு போதும். கொலம்போ சாப்பிட்டு வளர்ந்த குவாதலூப்காரருக்கு அந்தக் குழம்பின் முதல் வாயே பாதி பயணத்துக்குச் சமம்.

முதலில் அழைக்க வேண்டியவர்களும் அவர்களே. கொள்ளுத்தாத்தாவின் ஊர்ப்பெயர் தேடி வருகிறவரும், குலதெய்வத்துக்காக வருகிற பாரிஸ் தமிழரும் கேள்வியோடு வருகிறவர்கள். கட்டிலின் மெத்தை தடிமனை அவர்கள் அளக்கமாட்டார்கள். அவர்கள் வாய்வழியே கேள்விப்பட்டு மற்ற ஐரோப்பியர் வருவார்கள்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் புதுமுகம் யாராவது பேருந்திலிருந்து இறங்கினால், டீக்கடை பெஞ்சிலிருந்து முதலில் வரும் கேள்வி பெயரோ சாதியோ அல்ல. “யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?” என்பதுதான். பதில் சொல்லிவிட்டால் போதும், ஒருவர் எழுந்து கூடவே வந்து வீட்டைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். கல்மரமும் கோட்டையும் பறவையும் ஐரோப்பியர் கண்டமங்கலத்தில் இறங்கப் போதுமான காரணங்கள். இறங்கியபின் அந்தக் கேள்விக்குச் சொல்ல அவரிடம் ஒரு வீட்டின் பெயர் இல்லை. நாம் செய்ய வேண்டிய வேலை அந்த ஒரு பதிலை அவர் கையில் கொடுப்பதுதான்.